ஏழாம் நம்பர் பாட்டில்

என் மாப்ள சோலைராஜுக்கு, மண்ணுக்கு மேலே இன்னும் வாயாடிக்கொண்டிருக்கும் உன் மச்சான் எழுதுவது.

நாளை உனக்கு முதல் வருச நினைவு நாள். நம் ஊர் வழக்கப்படி சுவரொட்டி அடிக்கத்தான் காளவாசல் வரை பஸ் ஏறிப் போனேன். நடுவில் உன் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே என் பெயர் கொஞ்சம் பெரிதாக. அச்சகக்காரர், "வாசகம் என்னண்ணே போடணும்?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. எனக்கு! உன் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அந்த வாசகத்துக்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். நீ மட்டும் படிக்க அல்ல, நம் தெருவே நின்று படிக்க.

என் பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியில் பாதியை நம்பச் சொல்லி, கல்யாணத்தன்றே என் தங்கச்சி பஞ்சவர்ணம் உனக்குப் புத்தி சொல்லியிருக்கிறாள். இந்தக் கடிதத்தையும் அப்படியே படி. ஏழாம் நம்பர் பாட்டில் வரும் இடத்தில் மட்டும் எதையும் தள்ளிவிடாதே.

முதலில் நல்ல செய்தி. உன் மகள் அழகுமீனா ஆராய்ச்சி செய்கிறாள்.

சிரிக்காதே. ஆராய்ச்சி என்றால் தலை நரைத்தவர்கள் வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவள் காலேஜில் பட்டம் வாங்குவதற்கு முன்பே பிள்ளைகளை அதில் இறக்கிவிடுகிறார்கள். இரண்டாம் வருசம் முடித்தவர்களில் சிலரைப் பொறுக்கி, ஆளுக்கொரு வாத்தியார் பார்வையில் விட்டு, "உனக்கு எது தெரிய வேண்டுமோ அதை நீயே தேடு" என்கிறார்கள். முந்நூறு பேர் முட்டி மோதி, கடைசியில் ஆறே பேரை எடுத்தார்கள். (முந்நூறு நான் சொல்வது. மீனா சொன்னது முப்பது.)

நான் எட்டாவதோடு நின்றவன். ஒன்பதாவதுக்கும் நான் வந்தால் தன் வேலைக்கு ஆபத்து என்று கணக்கு வாத்தியார் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதால் நின்றேன் என்று உனக்கே பலமுறை சொல்லியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட நான், மருமகளின் ஆராய்ச்சிக் கூடத்தைப் பார்க்கப் போன அன்று வெள்ளை வேட்டி சட்டையில் போனேன்.

கருவிகள் இருக்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும், சாமி சன்னதி மாதிரி. உள்ளே ஏசி. மீனாட்சியம்மன் கோயில் பிரகாரத்தில் பாதி இருக்கும் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். நம் ரேஷன் கடையைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். ஒரு மூலையில் கண்ணாடிக் குழாய் வழியாகத் தண்ணீர் ஆவியாகி, குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அப்படி வடித்த தண்ணீரில்தான் பாத்திரமே கழுவுகிறார்கள். மேசை மேல் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து வரும் பேனா போன்ற குச்சியைத் தண்ணீரில் நிறுத்தினால், கண்ணுக்குத் தெரியாததை எண்ணாகக் காட்டும். உன் மகள் வெள்ளைக் கோட்டில் நின்றாள். உன் உயரம் அவளுக்கு. கோட்டு முழங்காலுக்கு எட்டவில்லை.

பக்கத்து மேசையில் செல்லூர்க்காரப் பொண்ணு ஒருத்தி. சாயப்பட்டறைத் தண்ணீரைக் கரித்தூளில் வடிகட்டி வெளுக்க வைப்பது அவள் ஆராய்ச்சி. குங்குமம் கரைத்த மாதிரி இருந்த தண்ணீர், மூன்றாவது குவளையில் பளிங்காக நின்றது. "இத இப்ப குடிக்கலாமா தாயி?" என்று கேட்டேன்.

"தெளிவா இருக்குறதெல்லாம் குடிக்கிற தண்ணி இல்ல அங்கிள்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மீனா எடுத்துக்கொண்டது நம் ஊர்த் தண்ணீர். "உனக்கு என்ன தெரியணும்?" என்று அவள் மேடம் கேட்டதற்கு, "எங்க ஊருப் புள்ளைக பல்லு ஏன் பழுப்பாக் கோடு விழுந்து கெடக்குது?" என்று திருப்பிக் கேட்டாளாம். அதற்குத்தான் ஊரிலுள்ள கிணறு, போர் எல்லாவற்றிலும் தண்ணீர் எடுத்துச் சோதிப்பது. அன்று அவள் எனக்கு என்னென்னவோ விளக்கினாள். ஏசிக் காற்றில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் ஏறவில்லை. சுவரில் போன வருசத்துப் பிள்ளைகளின் ஆராய்ச்சித் தாள்கள் ஒட்டியிருந்தன. ஒன்றின் மேல் 'முதல் பரிசு' என்று ரிப்பன் குத்தியிருந்தது. அது ஒன்றுதான் மண்டையில் ஏறியது. அப்படியானால் இது போட்டி. எந்தத் தண்ணீர் முதல் என்று பார்க்கப் போகிறார்கள்.

அந்த வாரம் அவளுக்குப் பரீட்சை. தண்ணீர் பிடித்து வரும் வேலையை நான்தான் கேட்டு வாங்கினேன். நம்பர் ஒட்டிய பன்னிரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

"மாமா, மோட்டாரப் போட்டுப் பத்து நிமிசம் சும்மா ஓட விடுங்க. அப்புறம் அதே தண்ணியால பாட்டில மூணு தடவ அலசிட்டு, விளிம்பு வரைக்கும் நிரப்பி மூடணும். சரியா?"

"எனக்கே சொல்லித் தாரியா? ஊருக்கே தண்ணி காட்டுனவன் தாயி நான்."

"அதான் பயமா இருக்கு. உங்க கதைய மட்டும் உள்ள ஊத்திராதீங்க."

ஏழாம் நம்பர் நம் போர்.

அதை நான் உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால், நீரோட்டம் பார்க்க, உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு உன் கொல்லை முழுக்க நடந்தேன். வேப்பமரத்துக்குத் தெற்கே ஏழடியில் தேங்காய் விருட்டென்று எழுந்து நின்றது. என் கை லேசாக எழுப்பியதா, தானாகவே எழுந்ததா? அதை எனக்கே நான் சொல்லிக்கொண்டதில்லை. முந்நூறு அடியில் ஈரம்தான் கண்டது. வண்டிக்காரர், "போதும்ணே, பாறை" என்றார். நான்தான் மீசையை முறுக்கி, "இறக்கு" என்றேன். அறுநூறைத் தாண்டியது. ஊரிலேயே அதுதான் ஆழம். தண்ணீர் பீய்ச்சியடித்தபோது என்னைத் தோளில் தூக்கிச் சுற்றினாயே, அதில் மட்டும் கலப்பே இல்லை.

முதல் வாய் குடித்துவிட்டு நீ என்ன சொன்னாய்?

"மச்சான், தண்ணி இனிக்குது. ஆனா கையில தொட்டா வழவழங்குதே?"

"மூலிகை மாப்ள. அழகர்மலை வேரத் தொட்டுக்கிட்டுல்ல வருது."

நீ நம்பினாய். நம்பிக் குடித்தாய். பதினோரு வருசம்.

சொல்கிறேன். ஆறு பாட்டில் ஒழுங்காகப் பிடித்தேன். ஏழாவதைப் பிடிக்க நம் போரடியில் நின்றபோது அந்த வழவழப்பு ஞாபகம் வந்துவிட்டது. படித்தவர்கள் கண்ணுக்கு அது ஒரு குறையாகப் பட்டுவிட்டால்? இந்தத் தவசி பார்த்துச் சொன்ன தண்ணீர் ஐந்தாவது, ஆறாவது என்று வந்துவிட்டால் நான் எந்த மூஞ்சியோடு டீக்கடைக்குப் போவது? பெண் பார்க்க வரும்போது கொஞ்சம் பவுடர் பூசி உட்கார வைப்பதில்லையா, அப்படித்தான் நினைத்தேன். மோட்டாரை நிறுத்தினேன். டீக்கடைக்குப் போய், அங்கே கவிழ்த்து வைத்திருந்த கேன் தண்ணீரில் பாட்டிலை மூன்று தடவை அலசினேன். சொன்ன முறை தவறக் கூடாதல்லவா? விளிம்பு வரை நிரப்பி மூடினேன். அப்புறம் மிச்சம் ஐந்தையும் ஒழுங்காகப் பிடித்தேன்.

இதில் ஒரு சொட்டுக்கூட நான் சேர்க்கவில்லை மாப்ள.

பத்து நாள் கழித்து மீனா போனில் கத்தினாள். பன்னிரண்டில் ஒன்பது குடிக்க லாயக்கில்லை. பழைய கிணறு ஒன்றும் கைபம்பு ஒன்றும் பரவாயில்லை. எல்லாவற்றிலும் சுத்தம் ஏழாம் நம்பர். "மாமா, மேடம் இன்னொரு தடவ பாக்கணும்னு சொல்றாங்க. அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க."

ஆனால் அவள் போனை வைப்பதற்கு முன்பே நான் டீக்கடையில் இருந்தேன். அடுத்த நாள் ஃபிளெக்ஸ். நம் போருக்கு மேலே, எட்டடிக்கு ஆறடி. 'கல்லூரி ஆய்வுக் கூடத்தில் முதலிடம் பெற்ற தண்ணீர்! கண்டு சொன்னவர் தவசி!' கையில் தேங்காயோடு என் படம். மேலே வட்டத்துக்குள் நீ. உன்னையும் சாட்சிக்கு இழுத்துவிட்டேன்.

முதல் குடம் ஜோதியுடையது. மூன்றாவது வீட்டுக்காரி, உனக்குத் தெரியுமே. இடுப்பில் ஒன்பது மாசப் பெண் பிள்ளை. "தவசியண்ணே, புள்ளைக்குப் பால் கலக்க ஒரு கொடம் புடிச்சுக்கிறவா?" என்றாள். பஞ்சவர்ணம் உள்ளேயிருந்து ஓடி வந்து, "இதுக்குப் போயி கேக்கணுமாடி? அவரு பேரால நெறையட்டும்" என்று மோட்டாரைப் போட்டாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. மறுநாள் நாலு குடம். ஒரு வாரத்தில் தெரு முனை வரை வரிசை. காலையில் மோட்டார் ஓட ஆரம்பித்தால் வெயில் ஏறும் வரை நிற்பதில்லை. உனக்குப் படையல் போடுகிற மாதிரி ஒவ்வொரு குடத்தையும் அவளே நிரப்பிக் கொடுக்கிறாள்.

அப்புறம் ஊராட்சித் தலைவர் வந்தார். ஃபிளெக்ஸை இரண்டு தடவை படித்தார். "பள்ளிக்கூடத் தொட்டிக்கு இங்கேருந்தே ஒரு லைன் இழுத்துருவோமாண்ணே? புள்ளைக நல்ல தண்ணி குடிக்கட்டும்."

என் வாய், "தாராளமா" என்றது. மறுவாரம் வாய்க்கால் மாதிரி குழி வெட்டிக்கொண்டு போனார்கள், நம் வாசலிலிருந்து பள்ளிக்கூடக் கேட்டு வரை. வரும் திங்கட்கிழமை இணைப்பு.

காலேஜிலிருந்து ஒரு தாள் வாங்கிக் கொடுத்தால் கோப்பில் வைக்கலாம் என்று தலைவர் கேட்டதால்தான் சில நாள் முன்னால் மறுபடி மீனாவிடம் போனேன். இந்தத் தடவை படம் எடுக்கவில்லை. அவள் ஒரு கட்டம் போட்ட தாளை விரித்தாள். அதில் பன்னிரண்டு புள்ளிகள்.

"இது ஃபுளோரைடு மாமா. பாறையில இருக்கும். தண்ணி கீழ கெடக்கக் கெடக்கக் கரைஞ்சு ஏறும். பாருங்க, ஆழம் கூடக் கூட அளவும் கூடுது. பதினோரு புள்ளியும் வரிசையா மேல ஏறுது. நம்ம போருதான் எல்லாத்தையும் விட ஆழம். அது மட்டும் தனியா அடியில கெடக்குது! அது ஏன்? அதுதான் என் பேப்பர். மாணவர் கருத்தரங்குல படிக்கப் போறேன்."

அவள் மேடம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "நாப்பது கிணறு பாத்துட்டேன் சார். போர்த்தண்ணியில இப்படி உப்பே இல்லாம நான் பாத்ததில்ல. மழைத்தண்ணி மாதிரி இருக்கு. திங்கட்கிழமை நானே வந்து எடுக்கலாம்னு இருக்கேன்."

"கைராசி மேடம்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது.

வெளியே வந்ததும் மீனாவிடம் மெதுவாக விசாரித்தேன். "அது கூடுனா என்னம்மா ஆகும்?"

"சின்னப் புள்ளைகளுக்குப் பல்லு. பெரியவங்களுக்கு வருசக்கணக்காக் குடிச்சா மூட்டு. அப்புறம் முதுகு, கழுத்தெல்லாம் இறுகிப் போகும். ருசியில தெரியாது மாமா. காய்ச்சினாலும் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும்தான் கூடும்."

திருப்பரங்குன்றம் மலை பஸ் ஜன்னலில் வந்தது, போனது. கும்பிடக் கை எழவில்லை. உன் கழுத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசி நாலு வருசம், பின்னாலிருந்து கூப்பிட்டால் நீ தலையைத் திருப்ப மாட்டாய். வண்டியைத் திருப்புகிற மாதிரி உடம்போடு சேர்த்துத் திரும்புவாய். கோயிலில் விழுந்து கும்பிட முடியாமல் நின்றபடியே கும்பிட்டாய். "மாப்ளைக்குச் சாமிகிட்டயும் திமிரு" என்று நான்தான் ஊரைச் சிரிக்க வைத்தேன். நீயும் சிரித்தாயே. அப்புறம் கிட்னி என்றார் டாக்டர். எதனால் என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவுமில்லை. தண்ணீர்தானா மாப்ள? உறுதியாகச் சொல்ல இன்று ஒருவராலும் முடியாது என்கிறார் மீனாவின் மேடம். இல்லை என்று சொல்லவும் முடியாதாம்.

வீட்டுக்கு வந்தேன். பஞ்சவர்ணம் போரடியில் குனிந்து குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து, "பஞ்சு" என்று கூப்பிட்டேன்.

அவள் கழுத்து திரும்பவில்லை. உடம்போடு சேர்ந்து திரும்பினாள்.

"என்னண்ணே, பேயடிச்ச மாதிரி நிக்கிற?"

உள்ளே போய் ஒரு வெறும் பாட்டிலைத் தேடி எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலையில் மோட்டாரைப் போட்டுப் பத்து நிமிசம் ஓட விட்டேன். கையோடிருந்த வெறும் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி, விளிம்பு வரை நிரப்பி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பிள்ளையைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டேன். ஆராய்ச்சிக் கூடத்தில் மீனாவும் மேடமும் மட்டும் இருந்தார்கள். பாட்டிலை மேசை மேல் வைத்து, "இதுதான் ஏழாம் நம்பர்" என்றேன்.

"அப்ப முன்னாடி குடுத்தது?"

"டீக்கடைக் கேன் தண்ணி தாயி."

மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தார். மீனா என்னைப் பார்க்காமல் குவளையில் தண்ணீரை ஊற்றி, என்னவோ கலந்து, அந்தக் குச்சியை இறக்கினாள். எண் ஓடியது. நிற்கும் நிற்கும் என்று பார்த்தேன். மற்ற பதினொன்றையும் தாண்டிப் போய்த்தான் நின்றது. மீனா தாளை எடுத்துப் புள்ளி வைத்தாள். அந்த ஏறுவரிசையில், எல்லாவற்றுக்கும் உச்சியில், அச்சாக உட்கார்ந்தது. அவள் ஆராய்ச்சி இத்தனை நாளாகத் தேடிய அதிசயம் அதோடு செத்துப் போனது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். குச்சியை வடித்த தண்ணீரில் கழுவி, மெல்லிய தாளால் ஒற்றி எடுத்தாள். அதைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மாமா, அப்பா எந்தத் தண்ணி குடிச்சாரு?"

"இதேதான் தாயி."

குச்சியை நிறுத்தி வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தாள்.

அவள் நோட்டை விரித்தபோது நான் ரப்பர் கேட்டேன். பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதுசு எழுதிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்ற எண்ணம். மேடம் அப்போதுதான் வாய் திறந்தார். "இங்க எதையும் அழிக்கக் கூடாது சார். தப்ப ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கணும். அடிச்ச பிறகும் உள்ள இருக்குறது படிக்கத் தெரியணும். பக்கத்துல சரியானதை எழுதி, ஏன் மாறுச்சுன்னு எழுதி, தப்புப் பண்ணவங்க கையெழுத்துப் போடணும்." மீனா பேனாவை என் பக்கம் நீட்டினாள். கோடு போட்டேன். 'கேன் தண்ணீர் மாற்றி வைத்தது நான். தவசி.' இதுவரை எத்தனையோ இடத்தில் பெருமையாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் பெயரைச் சின்னதாக எழுதியது இதில்தான்.

கருத்தரங்குக்கு அவள் பெயர் இந்த வருசம் போகாது. மேடம் சத்தமில்லாமல் அதையும் சொல்லிவிட்டார். கிளம்பும்போது மீனா கேட்டாள்: "அம்மாகிட்ட நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

"நான் சொல்றேன்."

"மாமா, கத வேணாம்."

சொல்லிப் பார்த்தேன் மாப்ள. முதலில் தலைவரிடம் போனேன். சிரித்தார். "தவசியண்ணே, நேத்து அமிர்தம்னீங்க, இன்னிக்கு விசங்கிறீங்க. நாளைக்கு என்ன சொல்லுவீங்க? குழி வெட்டி, பைப்பும் பதிச்சாச்சு." காலேஜ் தாள் வரட்டும் பார்க்கலாம் என்றார். மேடம் திங்கட்கிழமை வந்து எடுத்துப் போய்ச் சோதித்த பிறகுதான் அந்தத் தாள் வரும். இணைப்போ திங்கட்கிழமை காலையில்.

தெருவில் சொன்னேன். ஜோதி குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே, "நாலு பேரு புடிக்கிறது பொறுக்கல. கத விடுறாரு" என்றாள். வரிசையே கொல்லென்று சிரித்தது. இத்தனை வருசம் நான் பொய் சொன்னபோது வாய் பிளந்து கேட்டவர்கள், முதல் முறையாக மெய் சொன்னபோது சிரிக்கிறார்கள். அந்தப் பிள்ளை தாயின் தோளுக்கு மேலே என்னைப் பார்த்துச் சிரித்தது. கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. பால் மாதிரி வெள்ளை. இனி முளைக்க வேண்டியவைதான் எத்தனை?

மோட்டார் அறையைப் பூட்டினேன். பஞ்சவர்ணம் வந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். "அவரு பேரால குடுக்குற தண்ணிய நிப்பாட்ட நீ யாருண்ணே?" என்றாள். உன் பெயரைச் சொல்லித் தடுக்கிறவளிடம், உன்னைப் பற்றியே அதை எப்படிச் சொல்வேன்? அவள் திறந்துவிட்டாள். இதை எழுதும்போதும் மோட்டார் ஓடுகிறது. குடங்கள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம் கேட்கிறது. சற்று முன்னால் நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். இன்னமும் இனிக்கிறது மாப்ள. கசந்து தொலைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன். அந்த ஃபிளெக்ஸை நான் கிழிக்கப் போவதில்லை. கிழித்தால், காற்றில் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு மறந்துவிடுவார்கள். நாளை விடிந்ததும் ஏணி வைத்து ஏறி, என் படத்துக்கும் என் தேங்காய்க்கும் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கறுப்பு மையால் ஒரே ஒரு கோடு. அடியில் இருக்கும் பெருமை அத்தனையும் படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் மீனாவின் பன்னிரண்டு புள்ளித் தாளும் இந்தக் கடிதமும். கீழே என் கையெழுத்து. வட்டத்துக்குள் இருக்கும் உன் முகத்தின் மேல் மை படாமல் பார்த்துக்கொள்வேன்.

குடத்தோடு நின்று இதைப் படிக்கிறவர்களே, படித்து முடிக்கும் வரை குடத்தைக் கீழே வையுங்கள். தவசியை நம்ப வேண்டாம். தன் தகப்பன் குடித்த தண்ணீரை அளந்து பார்த்த பெண் பிள்ளையை நம்புங்கள்.

மாப்ள, உனக்கு என் வாக்கு இது. சுவரில் ஒட்டுவதற்கு முன்னால் பஞ்சவர்ணத்தை உன் படத்தின் முன்னால் உட்கார வைத்து, இதை நானே முதலிலிருந்து கடைசி வரை படித்துக் காட்டுவேன். உன் கழுத்தைப் பற்றி எழுதியதையும், அவள் கழுத்தைப் பற்றி எழுதியதையும் தாண்டாமல் படிப்பேன். அவள் என்னை அடித்தால் வாங்கிக்கொள்வேன். அப்புறம், 'தவளைக் கிணறு' என்று நான் வாய் ஓயாமல் கேலி செய்த அந்தப் பழைய கிணறு, மூன்றாம் நம்பர், அதிலிருந்து உன் வீட்டுக்கும் ஜோதி வீட்டுக்கும் என் தோளில் குடம் வரும். திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடக் கேட்டில், குழாய் சேரும் குழிக்குள் இறங்கி உட்கார்ந்திருப்பேன். மேடம் வந்து தண்ணீர் எடுத்துப் போய், தாள் வரும் வரை எழுந்திருக்க மாட்டேன். மண்ணை என் மேல் தள்ளி மூடினால் மூடட்டும்.

நாளை உன் படையலில் தண்ணீர்ச் செம்பு மட்டும் மாறியிருக்கும். மூன்றாம் நம்பர்த் தண்ணீர். கொஞ்சம் சப்பென்று இருக்கும். குடித்துக்கொள்.

இப்படிக்கு,
உனக்குத் தங்கச்சியையும் கொடுத்து, அந்தத் தண்ணீரையும் கொடுத்த
உன் மச்சான் தவசி